புறங்கையில் வரும் பழுப்புப் புள்ளிகள்: இனங்காண, மங்கவைக்க, மீண்டும் வராமல் தடுக்க

சட்டைக் கையைத் தோள்வரை ஏற்றிவிட்டு, மேற்கையின் உட்புறத்தை, அக்குளுக்குச் சற்றுக் கீழே உள்ள இடத்தைப் பாருங்கள். பிறகு அதே கையின் புறங்கையைப் பாருங்கள். இரண்டும் ஒரே உடம்பின் தோல், ஒரே வயது. உட்புறம் சீரான நிறத்தில் இருக்கும். புறங்கையிலோ கடுகளவிலிருந்து பெரிய பொட்டளவு வரை தட்டையான பழுப்புப் புள்ளிகள். வயதுதான் காரணம் என்றால் இரண்டு இடத்திலும் வந்திருக்க வேண்டும். உட்புறம் வெயிலைப் பார்த்ததே இல்லை, வித்தியாசம் அவ்வளவுதான்.

‘வயதுப் புள்ளி’ என்ற பெயர் நிலைத்துவிட்டது, அதனால் நாமும் அப்படியே சொல்வோம். ‘கல்லீரல் புள்ளி’ என்றும் ஒரு பெயர் உண்டு. நிறத்தை வைத்து வந்த பெயர் அது. கல்லீரலுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, அதற்காக மாத்திரை சாப்பிடத் தேவையில்லை. தோல் மருத்துவர்கள் இதைச் சோலார் லென்டிகோ என்பார்கள். வெயில் அதிகம் படும் நெற்றி, கன்னம், புறங்கை, முன்கை, தோள், மேல்முதுகு ஆகிய இடங்களில்தான் வரும். பெரும்பாலும் 40 வயதுக்கு மேல் கண்ணில் படும். திறந்தவெளியில் வேலை செய்பவர்களுக்கு அதற்கு முன்பே வந்துவிடும்.

தோலின் மேலடுக்கின் அடித்தளத்தில் மெலனின் என்ற நிறமியைத் தயாரிக்கும் செல்கள் இருக்கின்றன. புற ஊதாக் கதிர் பட்டால் அவை நிறமியைத் தயாரித்துப் பக்கத்துச் செல்களுக்குக் கொடுக்கும். தோல் கறுப்பது இதனால்தான். வெயிலிலிருந்து விலகி இருந்தால் சில வாரங்களில் அந்தக் கறுப்பு போய்விடும். ஆனால் ஆண்டுக்கணக்கில் கதிர் பட்ட இடத்தில், சில புள்ளிகளில் மட்டும் இந்த ஏற்பாடு கெட்டுப்போகிறது. நிறமிச் செல்களின் எண்ணிக்கை கூடி, வெயில் இல்லாத நாளிலும் அவை உற்பத்தியை நிறுத்துவதில்லை. அதனால்தான் வயதுப் புள்ளி, வெயிலில் காய்ந்த கறுப்பைப் போலத் தானாக மறைவதில்லை. மங்கவைத்த பிறகும் வெயில் பட்டால் அதே இடத்தில் தலைகாட்டுவதற்கும் காரணம் இதுதான்.

முதலில் அது வயதுப் புள்ளிதானா?

கிரீம் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. பலர் இதைத் தாண்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். பாதித் தோல்விகள் இங்கேதான் தொடங்குகின்றன. நல்ல பகல் வெளிச்சத்தில், முடிந்தால் ஒரு பூதக்கண்ணாடியோடு, ஒவ்வொரு புள்ளியையும் பாருங்கள், தடவியும் பாருங்கள்.

கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் வயதுப் புள்ளி எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. சுற்றியுள்ள தோலோடு சமமாக இருக்கும். நிறம் ஒரே சீரான பழுப்பு. ஓரம் தெளிவாக இருக்கும்.

தடவும்போது மேடாக, மெழுகுச் சொட்டு ஒட்டியது போல, நகத்தால் கிள்ளினால் வந்துவிடும் போலத் தெரிந்தால் அது செபோரிக் கெரட்டோசிஸ் என்ற மேல்தோல் வளர்ச்சி. தீங்கற்றதுதான், ஆனால் எந்தக் கிரீமும் அதைக் கரைக்காது. கன்னத்திலும் கண்ணைச் சுற்றியும் சின்னச் சின்னக் கறுப்பு முண்டுகள், வீட்டில் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ அதே போல உண்டு என்றால், அவையும் இந்த வகையே.

இரண்டு கன்னத்திலும் ஒரே மாதிரி, வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்தது போல, ஓரம் கலைந்த பழுப்புத் திட்டு இருந்தால் அது மங்கு. கர்ப்ப காலத்திலும் கருத்தடை மாத்திரை எடுக்கும்போதும் அதிகமாக வரும். இதைப் புள்ளி என்று நினைத்து லேசர் வைத்துக்கொண்டால் பல நேரங்களில் முன்பைவிட அடர்த்தியாகத் திரும்பிவரும். பருவோ காயமோ கொசுக்கடியோ ஆறிய இடத்தில் தங்கிய கறுப்பு இன்னொரு வகை. அது மாதக்கணக்கில் தானே மங்கும்.

தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரவென்று, செதில் உதிர்வதாக இருந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம். வெயிலால் வரும் ஆக்டினிக் கெரட்டோசிஸாக இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் அது சில சமயம் தோல் புற்றாக மாறும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது மெலனோமா என்ற தோல் புற்றுநோய். அதன் தொடக்க நிலை ஒன்று, முகத்தில் சாதாரண வயதுப் புள்ளியைப் போலவே தட்டையாகக் கிடக்கும். கீழே சொல்வதில் ஒன்று இருந்தாலும் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்: நடுவே கோடு போட்டால் இரண்டு பாதியும் ஒத்துப்போகாத வடிவம், கரை அரித்தது போன்ற ஓரம், ஒரே புள்ளிக்குள் பழுப்பு, கறுப்பு, நீலம், சிவப்பு, வெள்ளை என்று பல நிறம், 6 மி.மீ.க்கு மேல், அதாவது பென்சிலின் அடிப்பாகத்தைவிடப் பெரிய குறுக்களவு. சில வாரங்களிலோ மாதங்களிலோ வளர்வது, நிறம் மாறுவது, அரிப்பது, இரத்தம் கசிவது. வடிவம், ஓரம், நிறம், அளவு, மாற்றம் என்ற இந்த ஐந்தில் கடைசியான மாற்றத்துக்குத்தான் அதிக மதிப்புக் கொடுக்க வேண்டும். உடம்பில் உள்ள மற்றப் புள்ளிகளோடு சேராமல் ஒன்று மட்டும் தனித்துத் தெரிந்தாலும் காட்டிவிடுங்கள். கருமையான தோல் உள்ளவர்களுக்கு இந்தப் புற்று வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் வருவது அதிகம். நகத்தின் நீளவாக்கில் புதிதாகத் தோன்றி அகலமாகிக்கொண்டே போகும் கறுப்புக் கோட்டை அடிபட்டது என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

சந்தேகமுள்ள புள்ளியை லேசரால் அழிப்பது பெரிய தவறு. மேலே உள்ள நிறம் போய்விடும், அடியில் நோய் வளரும், அடையாளம் காட்டிக்கொண்டிருந்த ஒரே தடயமும் அழிந்துபோகும். முதலில் டெர்மோஸ்கோப் என்ற ஒளியுள்ள உருப்பெருக்கியால் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் சிறு துண்டு வெட்டி ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றது.

இன்னொரு வேலையையும் இப்போதே முடித்துவிடுங்கள். ஒரே ஜன்னல் ஓரத்தில், ஒரே நேரத்தில், பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் புள்ளிகளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாணயம் அளவுக்காக. மாதம் ஒருமுறை அதே போல எடுங்கள். தினமும் கண்ணாடி பார்ப்பவருக்கு மாற்றம் தெரியாது, படத்துக்குத் தெரியும். நன்றாக மங்கிவரும் சிகிச்சையை ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று ஆறாவது வாரத்தில் கைவிடுபவர்கள் நிறைய.

சன்ஸ்கிரீன்: சிகிச்சையின் பாதி

புள்ளியை மங்கவைக்கும் எந்த மருந்தும் வெயில் தடுப்பு இல்லாமல் பயன் தராது. தொட்டிக்குள் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டே மறுபக்கம் தண்ணீரை இறைப்பது போன்றது அது. இரவில் மருந்து பூசி ஒரு மாதம் குறைத்ததைச் சில நாள் வெயில் திருப்பித் தந்துவிடும்.

வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். எஸ்பிஎஃப் என்ற வெயில் காப்பு எண் 30 அல்லது அதற்கு மேல். இது யூவிபி என்ற வகைப் புற ஊதாக் கதிருக்கான கணக்கு. 30 என்பது ஏறக்குறைய 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்பது 98 சதவீதத்தை. அடுத்தது, புற ஊதாக் கதிரின் இன்னொரு வகையான யூவிஏக்குத் தடுப்பு. அதற்கு ‘பிராட் ஸ்பெக்ட்ரம்’ என்ற சொல்லையோ, ஜப்பானில் உருவான பிஏ அளவுகோலில் மூன்று அல்லது நான்கு பிளஸ் குறியையோ பாருங்கள். மூன்றாவது, நிறம் கலந்த சன்ஸ்கிரீனா என்பது. பழுப்பு, கறுப்புத் தோலில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் நிறமியைத் தூண்டும். சாதாரண சன்ஸ்கிரீன் அதைத் தடுப்பதில்லை. இரும்பு ஆக்சைடு சேர்த்த நிறமுள்ள சன்ஸ்கிரீன் அதைத் தடுக்கிறது. கன்னத்தில் மங்குத் திட்டும் சேர்ந்து இருப்பவர்கள் கட்டாயம் இதைத் தேர்ந்தெடுக்கலாம்.

இப்போது அளவு. பெரும்பாலோர் கோட்டைவிடுவது இங்கேதான். டப்பாவில் அச்சிட்டுள்ள எண், ஒரு சதுர செ.மீ. தோலுக்கு 2 மி.கி. வீதம் பூசி ஆய்வுக்கூடத்தில் அளந்தது. வீட்டில் நாம் பூசுவது பெரும்பாலும் அதில் பாதி, சில சமயம் கால்வாசி. அப்போது 50 என்று எழுதியிருந்தாலும் கிடைக்கும் காப்பு அதைவிட வெகுவாகக் குறைந்துவிடும். முகத்துக்கும் கழுத்துக்கும்: சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் இரண்டு கோடு பிதுக்கிக்கொள்ளுங்கள். ஒரு புறங்கைக்கு: சுட்டுவிரலின் நுனிக்கணு நீளம் ஒரு கோடு. காது மடல், பின்கழுத்து, வழுக்கை, வகிடு ஆகியவை எல்லோரும் மறக்கும் இடங்கள்.

இந்தக் கணக்கில் முகம், கழுத்து, இரண்டு புறங்கைகள் சேர்ந்து ஒரு வேளைக்கு ஏறத்தாழ 2 கிராம் ஆகும். தினமும் ஒருமுறை மட்டுமே பூசினாலும் 50 கிராம் டியூப் ஒரு மாதம் தாண்டக் கூடாது. உங்கள் டியூப் நான்கு மாதம் வருகிறதா? அப்படியானால் அளவு போதவில்லை. விலை உயர்ந்ததை வாங்கிச் சிக்கனமாகத் தடவுவதைவிட, கட்டுப்படியாகும் ஒன்றைத் தாராளமாகப் பூசுவது எவ்வளவோ மேல்.

வெளியே போவதற்கு 15 நிமிடம் முன்பே பூசுங்கள். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, வியர்த்தாலோ நனைந்தாலோ துடைத்தாலோ உடனே, மறுபடி பூச வேண்டும். புறங்கைக்குத் தனியாக ஒரு வழக்கம் தேவை. கை கழுவும் ஒவ்வொரு முறையும் சன்ஸ்கிரீன் போய்விடுகிறது. முகத்தைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் கையில் புள்ளி வந்து நிற்பது இதனால்தான். கைப்பையிலோ மேசையிலோ ஒரு சிறிய டியூப் இருக்கட்டும், வெளியே இறங்குமுன் கையைத் துடைத்துவிட்டுப் பூசிக்கொள்ளலாம்.

வீட்டுக்குள், காருக்குள் இருந்தால் வேண்டாமா? ஜன்னல் கண்ணாடி யூவிபியைத் தடுக்கும். யூவிஏயில் பெரும்பகுதி உள்ளே வந்துவிடும். காரின் முன்கண்ணாடி அடுக்குக் கண்ணாடி என்பதால் பெருமளவு தடுக்கும், பக்கவாட்டுக் கண்ணாடி பல வண்டிகளில் தடுக்காது. 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய ஒரு முதியவரின் படம் 2012 இல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. ஜன்னல் பக்கம் இருந்த பாதி முகம் சுருக்கமும் தடிப்புமாக, மற்றப் பாதியைவிடப் பல ஆண்டு மூத்தது போல இருந்தது. ஜன்னலை ஒட்டி நாற்காலி போட்டு வேலை செய்பவர்களுக்கும் அந்தப் படம் பொருந்தும்.

சன்ஸ்கிரீன் மட்டும் போதும் என்று நினைக்க வேண்டாம். துணி அதைவிட நம்பகமானது, அழிவதில்லை, மறுபடி பூச வேண்டியதில்லை. சட்டையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊடாக வெளிச்சம் தெரிந்தால் கதிரும் வரும். சுற்றிலும் 7 செ.மீ. அகல விளிம்புள்ள தொப்பி முகம், காது, கழுத்து மூன்றையும் மறைக்கும். கிரிக்கெட் தொப்பி காதையும் கன்னத்தையும் விட்டுவிடும். வண்டி ஓட்டுபவர்களுக்குக் கையுறை நல்ல பழக்கம். வெயில் எவ்வளவு கடுமை என்று தெரிய உங்கள் நிழலே போதும்: நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமையாக இருக்கிறது. வானிலைச் செயலியில் யூவி குறியீடு 3 அல்லது அதற்கு மேல் காட்டும் நாளில் காப்பு தேவை, மேகம் இருந்தாலும்.

ஆஸ்திரேலியாவின் நம்பூர் என்ற ஊரில் 900க்கும் மேற்பட்டவர்களை நாலரை ஆண்டு கவனித்த ஆய்வு 2013 இல் வெளியானது. தினமும் சன்ஸ்கிரீன் பூசச் சொல்லப்பட்டவர்களின் தோல் முதுமை, விருப்பம்போல் பூசியவர்களைவிட 24 சதவீதம் குறைவாக இருந்தது. அவர்கள் 55 வயதுக்குட்பட்டவர்கள், நடு வயதினரும் அதில் அடக்கம். எனவே ‘இனிமேல் பூசி என்ன பயன்’ என்பதற்கு இடமில்லை.

ஒரு சின்ன விஷயம்: டாக்சிசைக்ளின், சிப்ரோஃபிளாக்சசின், ஹைட்ரோகுளோரோதயசைடு, அமியோடரோன் போன்ற சில மருந்துகள் தோலை வெயிலுக்கு எளிதில் இரையாக்கும். இவற்றை எடுப்பவர்கள் மருந்தை நிறுத்த வேண்டாம், வெயிலில் இன்னும் கவனமாக இருந்தால் போதும்.

கிரீம்கள்: எதை, எப்படி, எத்தனை நாள்

முதலில் எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்வோம். கிரீம் புள்ளியை வெளுக்கும். பெரும்பாலும் முழுதாக அழிக்காது. இளம் வயதில் தோலின் மேலடுக்கு புதுப்பிக்க ஏறத்தாழ 28 நாள் ஆகும், வயது ஏற ஏற இன்னும் தாமதமாகும். அதனால் எந்தக் கிரீமுக்கும் குறைந்தது 8 முதல் 12 வாரம் கொடுக்க வேண்டும். ‘ஏழே நாளில்’ என்று எழுதியிருந்தால் அதைக் கீழே வைத்துவிடுங்கள்.

வயதுப் புள்ளிக்கு நல்ல ஆதாரமுள்ள மருந்து ட்ரெட்டினோயின். ரெட்டினாய்டு எனப்படும் வைட்டமின் ஏ குடும்பம், 0.025 முதல் 0.1 சதவீதம் வரை கிடைக்கும், மருத்துவர் எழுதித் தர வேண்டும். பத்து மாதம் தொடர்ந்து பூசிய ஆய்வில் பெரும்பாலோருக்குப் புள்ளிகள் வெளுத்தன. பத்து மாதம் என்பதைக் கவனியுங்கள். இதே குடும்பத்தில் அடாபலீன் 0.1 சதவீதம் எரிச்சல் குறைந்தது. கடைகளில் கிடைக்கும் ரெட்டினால் இன்னும் மென்மையானது, அதே அளவுக்கு மெதுவானது.

பழுப்புத் தோல் உள்ளவர்கள் ஒன்றை மனத்தில் ஆழமாகப் பதித்துக்கொள்ள வேண்டும்: நம் தோலில் எரிச்சல் என்பது வெறும் எரிச்சல் இல்லை, புதிய கறுப்புக்கு விதை. தோல் சிவந்து உரிந்தால் ‘மருந்து வேலை செய்கிறது’ என்று மகிழாதீர்கள். வேலை கெட்டுக்கொண்டிருக்கிறது. அதனால் மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும்.

முதல் இரண்டு வாரம் வாரத்தில் இரண்டே இரவு. மூன்றாவது, நான்காவது வாரம் ஒன்றுவிட்டு ஒரு இரவு. எரிச்சல் இல்லை என்றால் ஐந்தாவது வாரத்திலிருந்து தினமும். மென்மையான கழுவியால் முகம் கழுவி, ஒற்றி எடுத்து, தோல் முற்றிலும் உலர 15 நிமிடம் விடுங்கள். ஈரத்தில் பூசினால் மருந்து அதிகமாக உள்ளே இறங்கி எரியும். முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு போதும். நெற்றி, இரண்டு கன்னம், தாடை என்று தொட்டு வைத்துப் பரப்புங்கள். மூக்கு ஓரம், வாயோரம், கண்ணோரம் விட்டுவிடுங்கள். முதலில் புண்ணாவது அந்த மடிப்புகள்தான். வறண்ட தோல் என்றால் முதலில் ஈரப்பதக் கிரீம், அதன்மேல் மருந்து, மறுபடி ஈரப்பதக் கிரீம். கைக்கு, எல்லா வேலையும் முடிந்து இனிக் கை கழுவப்போவதில்லை என்ற நேரத்தில் பூசுங்கள். புறங்கைத் தோல் முகத்தைவிட மெதுவாகத்தான் பதில் சொல்லும், கூடுதலாகச் சில மாதம் ஆகும்.

எரிந்தால் அளவைக் குறைக்காதீர்கள், இரவுகளைக் குறையுங்கள். தோல் வெடித்துத் தண்ணீர் பட்டாலே எரிகிறது என்றால் முழுவதும் நிறுத்தி, ஒரு வாரம் வெறும் ஈரப்பதக் கிரீமும் சன்ஸ்கிரீனும் மட்டும். பிறகு முதல் வாரத்திலிருந்து தொடங்குங்கள்.

காலையில், சன்ஸ்கிரீனுக்கு அடியில், நிறமியைக் குறைக்கும் ஒன்றைச் சேர்க்கலாம். ஒன்று மட்டும். நயாசினமைடு 4 அல்லது 5 சதவீதம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும். நிறமி பக்கத்துச் செல்லுக்குப் போவதை அது குறைக்கிறது. வைட்டமின் சி என்றால் எல்-அஸ்கார்பிக் அமிலம் 10 முதல் 20 சதவீதம். புதிதாக இருக்கும்போது சீரம் நிறமற்றோ வெளிர் மஞ்சளாகவோ இருக்கும். கரும் ஆரஞ்சு, பழுப்பு ஆகிவிட்டால் கெட்டுவிட்டது, எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் கொட்டிவிடுங்கள். திறந்த பாட்டில் குளியலறைச் சூட்டில் சீக்கிரம் கெடும். அசெலாயிக் அமிலம் 10 முதல் 20 சதவீதம், பருவும் சேர்ந்து இருப்பவர்களுக்கு நல்லது. ரெட்டினாய்டு, தோலின் மேற்பரப்பை உரிக்கும் கிளைகாலிக் அமிலம், வைட்டமின் சி மூன்றையும் முதல் வாரத்திலேயே அடுக்கடுக்காகப் போட்டால் மிச்சம் எரிச்சல்தான்.

ஹைட்ரோகுவினோன் வலிமையான மருந்து. மெலனின் தயாராகத் தேவையான நொதியை அது தடுக்கிறது. 4 சதவீதக் கிரீமை மருத்துவர் சொன்னால் மட்டுமே பயன்படுத்துங்கள். முழங்கையின் உட்புறம் தடவி 24 மணி நேரம் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பஞ்சுக் குச்சியால் புள்ளியின் மேல் மட்டும் வைக்க வேண்டும். விரலால் தேய்த்தால் சுற்றியுள்ள நல்ல தோலும் வெளுத்து, புள்ளியைச் சுற்றி வெள்ளை வளையம் விழும். மூன்று மாதத்தில் பலன் இல்லை என்றால் நிறுத்துங்கள். ஆண்டுக்கணக்கில் பூசினால் தோலில் நீலக்கறுப்பு படியும் ஓக்ரோனோசிஸ் வரலாம், அதை நீக்குவது மிகக் கடினம். பென்சாயில் பெராக்சைடு பருக் களிம்போடு சேர்ந்தால் தோலில் தற்காலிகக் கறை படும். டியூபில் கிரீம் பழுப்பாகிவிட்டால் வீரியம் போய்விட்டது.

கர்ப்பிணிகளும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் ரெட்டினாய்டு வகைகளையும் ஹைட்ரோகுவினோனையும் தொட வேண்டாம். சன்ஸ்கிரீன், வைட்டமின் சி, அசெலாயிக் அமிலம் போதும்.

தோலில் வைக்கக் கூடாதவை

எலுமிச்சைச் சாறு முதலிடம். அதன் தோலிலும் சாற்றிலும் உள்ள ஃபுரோகூமரின்கள், யூவிஏ கதிர் பட்டவுடன் தோலை வேகவைக்கும். ஓரிரு நாளில் சிவந்து கொப்புளம், அதன்பின் சாறு வழிந்த தடத்திலேயே மாதக்கணக்கில் கறுப்பு. சமையல் சோடாவின் காரத்தன்மை ஏறத்தாழ 8 பிஎச்க்கு மேல். தோலின் இயல்பு 5க்குப் பக்கம். தேய்க்கத் தேய்க்கத் தோலின் காப்பு அடுக்கு சிதையும். பற்பசையும் வேண்டாம், மச்சம் நீக்கும் அமிலக் களிம்பும் வேண்டாம்; பின்னது குழிவிழுந்த தழும்பைத் தரும்.

பொருள் பட்டியல் இல்லாமல், வேகமாக வெள்ளையாக்குவதாக விற்கும் கிரீம்களில் பாதரசம் இருக்கலாம். கலோமல், மெர்குரஸ் குளோரைடு, அம்மோனியேட்டட் மெர்குரி என்ற பெயர்களில் எதைக் கண்டாலும் பூசாதீர்கள். பாதரசம் தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வீட்டில் தொடும் குழந்தைக்கும் போகும். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு கலந்த கிரீமை நாமாக வாங்கி முகத்தில் பூசுவதும் இதே வரிசைதான். முதல் வாரத்தில் பளிச்சென்று தெரியும். பிறகு தோல் மெலிந்து, இரத்தக் குழாய் தெரிந்து, பரு கிளம்பி, நிறுத்தினால் முகம் தீயாய் எரியும்.

மருத்துவமனைச் சிகிச்சைகள்

கிரீமில் போகாத புள்ளிக்கு லேசர்தான் நேரடி வழி. க்யூ-சுவிட்ச் அல்லது பிகோ வகை லேசர் மிகக் குறுகிய துடிப்பில் நிறமியை மட்டும் உடைக்கும். 532 நானோமீட்டர் அலைநீளம் வயதுப் புள்ளியை நன்றாகத் தாக்கும், ஆனால் சுற்றியுள்ள நிறமியும் அதை உறிஞ்சும். கருமையான தோலில் 1064 நானோமீட்டர் பாதுகாப்பானது. ஐபிஎல் என்ற தீவிர ஒளித்துடிப்புச் சிகிச்சை வெளிர் தோலுக்கு ஏற்றது, கருமையான தோலில் சூட்டுப் பட்டை விழக்கூடும். வீட்டு உபயோக முடி நீக்கும் ஐபிஎல் கருவியைப் புள்ளியின் மேல் வைத்துச் சுடுவதும், இணையத்தில் விற்கும் ‘மச்சப் பேனா’வும் விபரீதம்.

திரவ நைட்ரஜனால் உறையவைப்பது பழைய, எளிய முறை. மைனஸ் 196 டிகிரி குளிரைச் சில வினாடி தெளிப்பார்கள். நிறமிச் செல்கள் மைனஸ் 4 முதல் 7 டிகிரியிலேயே சாகும். சாதாரணத் தோல் செல்கள் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே போனால்தான் சாகும். இந்த இடைவெளிதான் சிகிச்சையின் இரகசியம். கொஞ்சம் அதிகமாகிவிட்டால் பழுப்புப் புள்ளி இருந்த இடத்தில் நிரந்தர வெள்ளைப் புள்ளி வருவதற்கும் அதுவே காரணம். கருமையான தோலில் இதைத் தவிர்ப்பது நல்லது. கிளைகாலிக் அமில உரிப்பு, மேலோட்டமாக நிறைய புள்ளிகள் இருந்தால் பல அமர்வுகளில் பயன்படும்.

போகுமுன் கேட்க வேண்டியவை: என் தோல் நிறத்துக்கு எந்த அலைநீளம்? புள்ளி தீங்கற்றது என்று டெர்மோஸ்கோப்பில் பார்த்தீர்களா? ஒரே ஒரு புள்ளியில், காதோரமாகவோ முன்கையிலோ, முதலில் சோதித்து 4 முதல் 8 வாரம் காத்திருக்கலாமா? கடைசிக் கேள்விக்கு ‘தேவையில்லை, ஒரே நாளில் எல்லாம் எடுத்துவிடலாம்’ என்று பதில் வந்தால் வேறிடம் பாருங்கள். வெயிலில் கறுத்த தோலோடு போக வேண்டாம், நான்கு வாரம் வெயிலைத் தவிர்த்துவிட்டுப் போங்கள். ரெட்டினாய்டை ஒரு வாரம் முன்பே நிறுத்துங்கள். வாயோரம் அக்கி போன்ற காய்ச்சல் கொப்புளம் அடிக்கடி வருபவர்கள் சொல்லிவிட வேண்டும், மாத்திரை தருவார்கள்.

லேசர் பட்டவுடன் புள்ளி சாம்பல் பூத்தது போல வெளுக்கும், அன்றே சிவக்கும். மறுநாள் முன்பைவிடக் கறுத்துப் பொருக்கு கட்டும். பயப்பட வேண்டாம், அப்படித்தான் ஆக வேண்டும். பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லியதாகப் பூசி வையுங்கள், பொருக்கைப் பிய்க்காதீர்கள். முகத்தில் 7 முதல் 10 நாளிலும், கையில் இரண்டு வாரம் போலவும் தானே உதிரும். அடியில் இளஞ்சிவப்புத் தோல் தெரியும். அதுவரை நன்றாகத்தான் போகும்.

சோதனை அதன் பிறகு. மூன்றிலிருந்து ஆறு வாரத்துக்குள், எடுத்த இடத்திலேயே மீண்டும் பழுப்பு தெரியலாம். புள்ளி திரும்பிவிட்டது என்று பதறி மறுபடி லேசர் வைத்துக்கொள்பவர்கள் உண்டு. அது பெரும்பாலும் புள்ளி இல்லை, காயம் ஆறியதால் வந்த கறுப்பு. இன்னொரு முறை சுட்டால் இன்னும் அடர்த்தியாகும். தொப்பியும் நிறமுள்ள சன்ஸ்கிரீனும் விடாமல் இருந்தால் சில மாதத்தில் மங்கும், மருத்துவர் தேவையான கிரீமைச் சேர்ப்பார். அடுத்த அமர்வு எப்போது என்பதைப் பழுப்பு முழுதாக அடங்கிய பிறகு முடிவு செய்யுங்கள்.

புள்ளி போன பின்பும் ரெட்டினாய்டை வாரத்தில் இரண்டு மூன்று இரவு தொடரலாம். ஹைட்ரோகுவினோனைத் தொடரக் கூடாது. மாதப் படத்தையும் நிறுத்த வேண்டாம். நாணயத்துக்குப் பக்கத்தில் உள்ள புள்ளிகளில் எது மங்குகிறது, எது அசையாமல் இருக்கிறது, எது வளர்கிறது என்று ஆறு மாதப் படங்களை வரிசையாக வைத்தால் தெரிந்துவிடும். வளர்வது ஒன்று இருந்தால், அந்தப் படங்களோடு மருத்துவரைப் பாருங்கள்.